ஞாயித்துக்கிழமைச் சிரிப்பு

சிரிக்க வைக்கிறேன்னு சொன்னேன்ல, வைப்பேன்ணே. வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்ப. ஆனா இப்ப இல்ல. மொதல்ல வண்டி நெறையட்டும். நாலாவது ஆள் ஏறாம குபாத் அண்ணன் சாவியத் திருப்ப மாட்டாரு, அது உனக்குத் தெரியாததா. கோச்கோர் ஸ்டாண்டுல எல்லா டிரைவரும் அப்படித்தான். நீ ஒரு வருசம் மாஸ்கோவுல இருந்துட்டு வந்துட்டா மாறிடுமா என்ன. மூணாவதா வர்ற அந்தப் பெரியவரு வேற டீக்கடைக்குள்ள கோப்பையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. குபாத் அண்ணன் தொண்டையக் கேளு. நாரின், நாரின், ஒரே ஆளு, ஒரே ஆளு. அத அவரவிட நான் நல்லாக் கத்துவேன். கத்தட்டா? நாஆஆரின், ஒரே ஆளூ... பாத்தியா, அந்தம்மா மூட்டையத் தூக்கிக்கிட்டு இங்க ஓடி வருது. இரு, வர்றேன்.

ம். போயிடுச்சு. எடமில்லன்னு சொல்லிட்டேன். ஏன்னா, இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சுப் போவோம்ணே. என்ன அவசரம்.

நல்லா இருக்கா, நல்லா இருக்கா, எத்தன தடவ கேப்ப. மெரிம் இந்நேரம் தூங்கிக்கிட்டு இருப்பா. ரொம்பத் தூங்குறா இப்பல்லாம். இல்ல, ஏழு மாசக் கொழந்த தூங்கும்தான், நீ சொல்றது சரிதான். எனக்கென்ன தெரியும், நான் என்ன அஞ்சாறு பெத்தவளா.

இங்க பாருண்ணே. வண்டி கெளம்பறதுக்குள்ள உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மெரிம் பத்தினது. அம்மா என்னைய இதுக்கு அனுப்பல. அண்ணனக் கூட்டிக்கிட்டு வா, வழியில வாயத் தொறக்காத, நான் பாத்துச் சொல்லிக்கிறேன்னு அனுப்புச்சு. ஆனா நான் கெளம்பும்போது அண்ணி என் கையப் புடிச்சு ஒரு அழுத்து அழுத்துச்சு. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்.

பயப்படாத. உசுரோட இருக்கா. நீ மொகத்த அப்படி வச்சுக்கிட்டா நான் எப்படிச் சொல்றது. எனக்கு நேராச் சொல்ல வராது. சின்னதுல இருந்து அடுத்தவங்க கொரல்லயே பேசிப் பேசி, என் சொந்தக் கொரல்ல பேசுனா எனக்கே பொய் மாதிரி கேக்குது. அதனால சுத்தி வளைச்சுத்தான் வருவேன். வண்டியும் நிக்குது, நீயும் இருக்க, கேளு.

ஹெட்மாஸ்டர் கத உனக்குச் சொன்னேனா? சொல்லல? போன வருசம் நீ போன பொறவு. வகுப்புக்கு வெளிய கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு அவரு கொரல்ல, எட்டாங் கிளாஸ் அத்தன பேரும் போயி என் உருளைக்கெழங்குத் தோட்டத்துல களை புடுங்குங்கடான்னு சொல்லிட்டேன். போயிட்டானுங்க. டீச்சரும் போயிட்டா. ஹெட்மாஸ்டர் பொண்டாட்டி அத்தன பேருக்கும் பணியாரம் சுட்டுப் போட்டு, சாயந்தரம் புருசன் வந்தப்ப, இன்னைக்குத்தான் நீங்க உருப்படியா ஒரு காரியம் செஞ்சிருக்கீங்கன்னுச்சாம். அந்த மனுசன் என்னைய அடிக்கவும் முடியல, சும்மா விடவும் முடியல. ரெண்டு நாள் என்னையப் பாத்துக்கிட்டே நடந்தாரு.

சிரிச்சிட்ட. ஆனா இது இல்ல நான் சொன்ன சிரிப்பு. அது வேற.

சரி. மெரிம் பொறந்த அன்னைக்கே ஆரம்பிக்கிறேன். அப்பா அன்னைக்கே ஆட்ட அறுத்துட்டாரு. பிள்ள பெத்தவளுக்குன்னு அறுக்குற கல்ஜா ஆடு, அதுல மொதக் கிண்ணம் அண்ணிக்குத்தான. வயித்துல பிள்ள இருந்தப்ப ஒன்பது மாசமும் இறைச்சி வாடை ஆகாம ரொட்டியக் கடிச்சுக்கிட்டே கெடந்துச்சே அண்ணி, நீ கூட இருந்தப்பவே அப்படித்தான. அன்னைக்குச் சாப்புட்டுச்சு பாரு. ரெண்டு கையாலயும். கழுத்தெலும்ப அம்மா எடுத்துக் குடுத்து, கத்தி படக் கூடாது, பல்லாலயே சுத்தம் பண்ணு, அப்பத்தான் பிள்ளைக்குக் கழுத்து நிக்கும்னு சொல்லுச்சு. அண்ணி அத நக்கி நக்கி வெள்ளையாக்கிக் குடுத்துச்சு. அம்மா அதக் குச்சியில கோத்துச் செவுத்துல மாட்டுச்சு. அன்னைக்கு வீட்டுல எல்லாருமே நல்ல சிரிப்பு.

அடுத்த ஞாயித்துக்கிழம நீ போன் போட்ட. நம்ம ஊருல போனுக்கு சிக்னல் கெடைக்கிற எடம் கல்லறைக்குப் பின்னாடி மேடு ஒண்ணுதான். பிள்ள பெத்தவ நாப்பது நாளு வாசப்படி தாண்டக் கூடாது. நீயோ, குல்பராகிட்டக் குடு, குல்பராகிட்டக் குடுன்னு உசுர எடுக்கப் போற, அது எங்களுக்கு முந்தியே தெரியும். சனிக்கிழம நான் அதச் சொல்லிக்கிட்டு இருக்கும்போது அண்ணி படுத்துக்கிட்டே என்னையப் பாத்துச்சு. புருல், நீதான் எல்லார மாதிரியும் பேசுவியே, என்னைய மாதிரிப் பேசிட்டு வந்துடேன்னுச்சு.

ஆமா. நான்தான்.

அடிக்காத, அடிக்காதண்ணே, வண்டிக் கண்ணாடி ஒடஞ்சா குபாத் அண்ணன் என்னையத்தான் புடிப்பாரு. நான்தான். நல்லா இருக்கேங்க, பிள்ளைக்கு உங்க காதுங்க. நெனவிருக்கா? அண்ணி சொல்லச் சொன்னத அப்படியே சொன்னேன். அண்ணி எப்பவும் மாமனாருக்குக் கேட்டுடுமோன்னு மெதுவாத்தான பேசும், மேட்டுல காத்து வேற, உனக்கு எப்படித் தெரியும். நீ அந்தப் பக்கம் மூக்க உறிஞ்சுன. அப்புறம் கொஞ்ச ஆரம்பிச்ச பாரு. நான் போனத் தூரமாப் புடிச்சுக்கிட்டேன். நீ சொன்னதுல பாதிய எறங்கி வந்து அண்ணிகிட்டச் சொன்னேன், மீதிய எனக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.

சிரி, சிரி. காது செவந்துருச்சு உனக்கு.

இல்ல, நான் சொன்ன சிரிப்பு இதுவும் இல்லண்ணே.

அதுக்கப்புறமா? நாப்பது நாளுக்கு அப்புறம் அண்ணிதானான்னு கேக்குறியா. வர்றேன், அங்கதான் வர்றேன்.

மூணு வாரத்துல மெரிமுக்குக் கன்னம் பூரா செவப்புச் செவப்பாப் பொரி வந்துச்சு. அம்மா மொகத்தக் கிட்ட வச்சு மோந்து பாத்துட்டு, பால் சூடாயிருச்சுன்னு சொல்லிருச்சு. ஆட்டுக்கறி சூடு. அன்னையில இருந்து கறி நின்னுச்சு. பொரி போகல. வெண்ணெய் நின்னுச்சு. வயிறு உப்பி அழுதா, பசும்பாலு ஆகலன்னு டீயில பால் நின்னுச்சு. அப்புறம் முட்ட. அப்புறம் தயிர். கொழந்த ஒரு தடவ அழுதா அண்ணி தட்டுல இருந்து ஒண்ணு காணாமப் போகும். கடைசியில ரொட்டி, உருளைக்கெழங்கு, நூடுல்ஸ் அவிச்ச தண்ணி, பால் ஊத்தாத டீ. அஞ்சு மாசம்.

அம்மாவ அப்படிச் சொல்லாதண்ணே. கஞ்சத்தனம் இல்ல அது. அந்தத் தண்ணிய அம்மாதான் அவிச்சு, வடிகட்டி, வாயில ஊத்திச் சூடு பாத்துக் குடுக்கும். அண்ணி துணியெல்லாம் அம்மாதான் தொவைச்சுச்சு, பனியில கை வெடிக்க வெடிக்க. பேத்திக்குப் பொரி மறையணும்னுதான். ஒரு மாசத்துல மறஞ்சும் போச்சு. பாத்தியா, நான் சொன்னேன்லன்னு அம்மாவுக்கு ஒரு பெரும. பின்ன எப்படி நிறுத்துனத மறுபடி குடுக்கும்? அது அதுபாட்டுக்கு மறையிற பொரியாம். பொறந்த பிள்ளைங்க பாதிக்கு மேல வருமாம், தானாப் போயிடுமாம். இப்பத்தான் தெரியுது.

அண்ணி கேக்க மாட்டாதா? நல்லாக் கேட்ட போ. நீயே சொல்லு, மருமக அப்பா இருக்குற எடத்துல வாயத் தொறந்து எனக்குக் கறி வேணும்னு கேட்டு நீ பாத்திருக்கியா? சமோவார் பக்கத்துல உக்காந்து எல்லாருக்கும் ஊத்திக் குடுத்துட்டு, தன் கோப்பைய கடைசியா எடுக்கும். ஒரு தடவ என் தட்டுல இருந்த கறித்துண்ட அண்ணி பாத்த பார்வை இருக்கே. நான் மேசைக்கடியில நீட்டுனேன். வாங்கிக்கிச்சு. வாய் வரைக்கும் கொண்டு போயிட்டு, மெரிமப் பாத்துட்டு, திருப்பிக் குடுத்துருச்சு. அதுவே நம்பிருச்சுண்ணே. தான் திங்குறது பிள்ளைக்கு வெசமாப் போகுதுன்னு அதுக்கே ஒரு நம்பிக்க வந்துருச்சு.

ஆனா பாலுக்குக் கொறையே இல்ல. சட்ட நனையும். அதப் பாத்து யாருக்குச் சந்தேகம் வரும்.

ஆமா, நீ கேட்ட. ஒவ்வொரு வாரமும் கேட்ட. உன் மேஸ்திரி பொண்டாட்டி சொன்னான்னு, தாய் திங்குறதுதான் பாலாப் போகும், என்ன சாப்புட்ட, என்ன சாப்புட்டன்னு பட்டியல் கேப்பியே. சாப்புட்டேங்க. நேத்து ஈரல்ங்க. காலையில ரெண்டு முட்டங்க. ரொட்டிக்கு மேல வெண்ணெய், விரலு தடிமனுக்குங்க. அத்த விட மாட்டேங்குறாங்க, இன்னும் தின்னு இன்னும் தின்னுன்னுங்க. அந்த மேட்டுல பனியில நின்னுக்கிட்டு, எனக்கு என்னென்ன புடிக்குமோ அத்தனையும் தின்னேண்ணே. மீன் சாப்பிடச் சொன்னியே. நம்மூருல மீனு. நீ ஆள்கிட்டக் குடுத்தனுப்புன டின் மீன அம்மா விருந்தாளிங்களுக்குத் தொறந்து வச்சுச்சு. நான் உன்கிட்ட, மீனு நல்லா இருந்துச்சுங்க, முள்ளுதான் கொஞ்சம்னு சொன்னேன். டின் மீனுல ஏதுடி முள்ளுன்னு நீ சிரிச்ச.

அதுதான். நீ சிரிச்சா எனக்கு நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான் காரணம். பெருசா வேற எதுவும் இல்ல.

ம்? ஆமா. கணக்கு சரிதான். டின் மீனு வந்தது பனி உச்சத்துல. நாப்பது நாளு அதுக்கு முன்னாடியே முடிஞ்சுருச்சு.

ஆமாண்ணே. நாப்பது நாள் இல்ல. இருபத்தெட்டு வாரம். குல்பரா அண்ணி உன்கிட்டப் பேசவே இல்ல.

உக்காரு. உக்காருண்ணே, எறங்காத, முழுசாக் கேளு. அண்ணி வரப் பாத்துச்சு. நாப்பது முடிஞ்ச வாரமே கெளம்புச்சு, நான்தான் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனேன். பாதி மேடு ஏறல, உக்காந்துருச்சு. பாதம் மரத்துப் போச்சு புருல், தரையில வைக்கிறேனா இல்லையான்னு தெரியலன்னுச்சு. பனியில எல்லாருக்கும்தான் மரத்துப் போகும், நாங்க அப்படித்தான் நெனச்சோம். அடுத்த வாரமும் அதே எடத்துல உக்காந்துச்சு. மூணாவது வாரம் கெளம்பவே இல்ல. டீ குடிச்சா நாக்கு எரியுதுன்னு ஆற வச்சுக் குடிக்கும். பின்பல்லு ஒண்ணு ரொட்டியக் கடிக்கும்போதே உதுந்துச்சு. கையில எடுத்துப் பாத்துட்டு அடுப்புல போட்டுருச்சு.

மார்ச் மாசம், சனிக்கிழம, என்னையக் கூப்புட்டு உக்கார வச்சுச்சு. இதச் சொல்லு புருல், என் கொரல்லயே சொல்லு, அப்பத்தான் அவரு நம்புவாருன்னுச்சு. மெரிமுக்குத் தலை நிக்க மாட்டேங்குது. முன்ன நின்னுச்சு, இப்ப நிக்கல. கண்ணு யாரு மொகத்துலயும் நிக்கல. என் பால்ல என்னமோ இல்ல, நான் வெறும் டீயத்தான் அவளுக்கு ஊட்டுறேன். நீங்க உங்க அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. அவ்வளவுதான். மூணு தடவ சொல்ல வச்சுக் கேட்டுச்சு. மூணு தடவையும் அதே கொரல்ல சொன்னேன். சரியா இருக்குன்னுச்சு.

மேட்டுக்குப் போற வழியில அம்மா நின்னுச்சு. அம்மா கொரல்ல சொல்றேன் கேளு. அவன் பதினேழாவது மாடியில கம்பியில நிக்கிறான். இங்க இருந்து ஒரு கலக்கம் போச்சுன்னா அவன் காலு அங்க வழுக்கும். பிள்ளைங்க சிலது மெதுவாத்தான் தலை நிக்கும், நீயே அஞ்சு மாசம் தொங்கப் போட்டுக்கிட்டுக் கெடந்தவ. நல்லதப் பேசிட்டு வா.

மேட்டுல ஏறுனேன். உன் போன் வந்துச்சு. என்னடா குல்பரா, கொரல் ஒரு மாதிரி இருக்குன்ன. நான் வாயத் தொறந்தேன்ணே. சத்தியமாத் தொறந்தேன். அன்னைக்கு நீ பதினேழாவது மாடியில இருந்தே பேசுன, பின்னாடி காத்து அடிச்சுச்சு, யாரோ உன்னையக் கூப்புடுறாங்க, நீ வர்றேன் வர்றேன்னு கத்துற. சளிங்க, வேற ஒண்ணுமில்லன்னேன். காலையில ஈரல் சாப்புட்டேங்கன்னேன்.

எறங்கி வந்தேன். அண்ணி, சொன்னியான்னு கேட்டுச்சு. சொன்னேன்னேன். என்ன சொன்னாருன்னுச்சு. அதுக்கு உன் கொரல்ல பதில் சொன்னேண்ணே. பாத்துக்கலாம் குல்பரா, அம்மாவுக்கு எல்லாம் தெரியும், அது சொல்றபடி கேளுன்னு. உன் கொரலுதான், அண்ணி நம்பிருச்சு. அதுக்கப்புறம் அது யாருகிட்டயும் எதுவும் கேக்கல.

எதாவது எடுத்து என்னைய அடி வேணும்னா. கத்து, திட்டு. எனக்குத் திருப்பிச் சொல்லிப் பாக்க ஒரு சத்தம் வேணும்.

சரி. டாக்டரம்மா சொன்னதக் கேளு. ஆமா, டாக்டரு. நாம ஊருக்குப் போகலண்ணே. நம்ம ஊருக்குத் திரும்புற எடத்துல வண்டி திரும்பாது, நேரா நாரின் ஆஸ்பத்திரிக்குப் போகுது, குபாத் அண்ணனுக்குத் தெரியும். பன்னெண்டு நாளாச்சு. பனி கரைஞ்சு ஊசி போட வந்த நர்ஸக்கா மெரிமத் தூக்குச்சு, தலை பின்னாடி துணி மாதிரி விழுந்துச்சு. அந்தக்கா ஊசிப் பெட்டியக் கூட மூடல, அண்ணியையும் பிள்ளையையும் அப்படியே வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு.

டாக்டரம்மா பேச்சு எப்படின்னா, ஒவ்வொரு வார்த்தையையும் தராசுல வச்சு எறக்குற மாதிரி. அம்மாவப் பாத்துச் சொல்லுச்சு. உன் மருமகளுக்குப் பாலுக்குக் கொறச்சல் இல்ல. பாலு ரொம்ப நேர்மையானது. தாய் திங்கலன்னா தாய் ஒடம்புல இருந்து எடுத்துக்கும். கொழுப்ப அவ தொடையில இருந்து எடுத்துச்சு. சுண்ணாம்ப அவ எலும்புல இருந்து எடுத்துச்சு. ஆனா சில சத்து இருக்கு, அவ வாய் வழியா உள்ள போனாத்தான் பால்ல வரும். கறி, முட்ட, பாலு, மீனு, இதுல மட்டும் இருக்குற வைட்டமின் ஒண்ணு. ஒன்பது மாசம், அதுக்கு மேல அஞ்சாறு மாசம், அவ கிட்ட அது இல்ல. அவளுக்கே இல்ல, எங்க இருந்து குடுப்பா. பாத்தா வெள்ளையாத்தான் இருக்கும், பிள்ள வயிறும் நெறையும். நரம்புக்குப் போகாது, மூளைக்குப் போகாது. அதான் பாதம் மரத்துச்சு. அதான் பிள்ள தலை நிக்கல. இதுல மந்திரமும் இல்ல, சூடும் இல்ல.

அம்மா அங்கயே நின்னுக்கிட்டு, பொரி மறஞ்சுச்சேன்னு கேட்டுச்சு. அத மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுச்சு. அந்தக் கொரல மட்டும் என்னால எடுக்க முடியல. பாத்தேன், வரல.

இப்ப ஊசி போடுறாங்க, ரெண்டு பேருக்கும். அம்மா வராண்டாவுல ஸ்டவ் வச்சு ஈரல் அவிச்சு, சின்னச் சின்னதாப் பிச்சு அண்ணிக்கு ஊட்டுது. அண்ணி வாயத் தொறந்து தொறந்து வாங்கிக்குது. ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல. நேத்து மெரிம் என் வெரலப் புடிச்சா. இறுக்கி இல்ல, சும்மா. ஆனா புடிச்சா. டாக்டரம்மா, சில பிள்ளைங்களுக்கு எல்லாம் திரும்பிடும், சிலதுக்குக் கொஞ்சம் தங்கிடும், எவ்வளவுன்னு இப்ப என்னையக் கேக்காதீங்கன்னுருச்சு. உனக்கும் அதேதான் சொல்லும். நீ கோவப்பட்டுக் கத்துனாலும் அதே தராசுலதான் சொல்லும், நான் கத்திப் பாத்துட்டேன்.

வண்டிக்கு மேல கட்டி வச்சிருக்கியே நடைவண்டி, அத ஆஸ்பத்திரி வாசல்ல எறக்க வேணாம்ணே. குபாத் அண்ணன்கிட்டயே இருக்கட்டும் கொஞ்ச நாளு.

ஒரு வேல குடுத்திருக்காங்க எனக்கு. டாக்டரம்மா, இந்தப் பிள்ளைகிட்டப் பேசிக்கிட்டே இருங்க, மொகத்தக் காட்டிக்கிட்டே இருங்க, சிரிக்க வைங்கன்னுச்சு. எல்லாரும் என்னையப் பாத்தாங்க. ஊருல யார வேணாலும் சிரிக்க வைக்கிறவ நான்தான. பன்னெண்டு நாளாப் பண்றேண்ணே. ஆடு. காக்கா. அப்பா இருமல். ஹெட்மாஸ்டர். குபாத் அண்ணன் வண்டி மேட்டுல மொனகுற சத்தம். பக்கத்துக் கட்டில் பிள்ளைங்க எல்லாம் கெக்கெக்கேன்னு உருளுதுங்க, ஒரு பையன் சிரிச்சுச் சிரிச்சு வாந்தியே எடுத்துட்டான். மெரிம் என்னையப் பாக்குறா. செவுத்தப் பாக்குற மாதிரி பாத்துட்டு, அப்படியே கண்ண மூடிக்கிறா.

என்ன சொல்ற? போன ஞாயித்துக்கிழம சிரிச்சாளா. ஆமா, கேட்டிருப்ப, ஆஸ்பத்திரிப் பின்வாசல்ல இருந்துதான் பேசுனேன். நீதான், அவ சத்தத்தக் கேக்காம போன வைக்க மாட்டேன்னு பிப்ரவரியில இருந்து அடம் புடிக்கிறியே. வாரா வாரம் கேட்ட.

ஒரு நாளு நீ கூடச் சொன்ன, என்னடா இவ எல்லா வாரமும் ஒரே மாதிரிச் சிரிக்கிறா, மூணு சிரிப்பு, கடைசியில ஒரு விக்கல்னு. அவ அப்படித்தான் சிரிச்சா பிப்ரவரியில. அண்ணி மடியில, என் ஜடைய இழுத்துட்டு. ரெண்டு மூணு நாளுதான், அப்புறம் நின்னுருச்சு. எனக்கு ஒரு தடவ கேட்டாப் போதும்ல. காத்துல கொழந்தைய மேட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதன்னு அம்மா சொல்லிருச்சு, நீ கேட்டுக்கிட்டே இருந்த. அவ அத மறந்துட்டாண்ணே. இப்ப அது என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அவ காதுகிட்டப் போயி அவளுக்கே சிரிச்சுக் காட்டுறேன், தெனமும், எங்கயாவது நெனவு வருமான்னு.

இப்ப சிரிக்கட்டா? கேக்குறியா? இந்தா...

என்னண்ணே. ஏன் என் வாயப் பொத்துற. கைய எடு. ஆமா. எல்லா ஞாயித்துக்கிழமையும். ஆமாண்ணே, அதுவும் நான்தான்.